கடைசிக் கமாவுக்குப் பின்னால்

“மா,பலா,வாழை,” என்ற சரத்தைக் கமா வரும் இடங்களில் வெட்டி, எத்தனை துண்டு என்று கேட்டால் பைதான் 4 என்கிறது. ஜாவா 3 என்கிறது. இரண்டும் தத்தம் கையேட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்கின்றன. வேறுபாடு முழுவதும் கடைசிக் கமாவைப் பற்றியது. அதற்குப் பின்னால் காலியான நான்காவது உருப்படி இருக்கிறதா, அல்லது மூன்றாவது உருப்படி முடிந்தது என்று சொல்லத்தான் அந்தக் கமா வந்ததா? சரத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை காண முடியாது. அதை எழுதியவர் எந்த வழக்கத்தில் எழுதினார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கங்கள் இரண்டு. ஒன்றில் எல்லைக்குறி இரண்டு உருப்படிகளுக்கு நடுவே நிற்கும், அது பிரிப்புக்குறி. மற்றொன்றில் ஒவ்வோர் உருப்படிக்கும் பின்னால் நிற்கும், அது முடிப்புக்குறி. எழுத்து வழக்கிலேயே இரண்டும் உண்டு. பெயர்களை அடுக்கும்போது நடுவில் மட்டும் கமா இடுகிறோம். வாக்கியங்களை எழுதும்போது கடைசி வாக்கியம் உட்பட எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி வைக்கிறோம். படிக்கும் மனிதருக்கு இதில் குழப்பம் வருவதில்லை. நிரலுக்கு எது எந்த வழக்கம் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

கணக்கு எளியது. மூன்று உருப்படிக்குப் பிரிப்புக்குறி 2, முடிப்புக்குறி 3. ஆகவே பிரிப்பு வழக்கத்தில் குறிகளை எண்ணி ஒன்றைக் கூட்ட வேண்டும். முடிப்பு வழக்கத்தில் குறிகளின் எண்ணிக்கையே விடை. சிக்கல் பூஜ்யத்தில் வருகிறது. பிரிப்பு வழக்கத்தில் காலிச் சரத்தில் குறி எதுவும் இல்லை. ஒன்றைக் கூட்டினால் விடை 1. அதாவது, உருப்படியே இல்லாத பட்டியலும், காலியான ஒரே உருப்படி கொண்ட பட்டியலும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கும். முடிப்பு வழக்கத்தில் இந்த மயக்கம் கிடையாது: காலிச் சரம் பூஜ்யம், தனிக் கமா ஒன்று.

முடிப்பு வழக்கத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. எழுதிக்கொண்டிருந்த நிரல் நடுவில் நின்றுபோனால் கடைசி உருப்படிக்குப் பின் குறி இருக்காது. படிப்பவர் அதைக் கொண்டே அந்த உருப்படி முழுமையற்றது என்று சந்தேகிக்கலாம். பிரிப்பு வழக்கத்தில் பாதியில் அறுந்த “வாழ்” என்ற துண்டும் முழுமையான உருப்படியைப் போலவே தோன்றும்.

கணினி உலகில் முடிப்பு வழக்கத்தின் பெரிய உதாரணம், வரிகளின் இறுதியில் வரும் நியூலைன். தொலையச்சு இயந்திரங்களில் அச்சுத்தலையை இடப்பக்கம் கொண்டுவர ஒரு குறியும், தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறியும் தேவைப்பட்டன. மல்டிக்ஸ் இயங்குதளம் இரண்டுக்கும் பதிலாக ஒரே குறியைக் கோப்பில் வைத்துக்கொண்டது; யூனிக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டு குறிகளையும் சேர்த்தே வைத்துக்கொண்டன. போசிக்ஸ் தரநிலை வரி என்பதற்குத் தரும் வரையறையில் ஐயத்துக்கு இடமில்லை: நியூலைன் அல்லாத பூஜ்யமோ அதற்கு மேற்பட்டோ எழுத்துகள், அவற்றின் முடிவில் ஒரு நியூலைன். இறுதியில் நியூலைன் இல்லாத துண்டை அது வரி என்றே ஏற்பதில்லை. முடிவுறாத வரி என்று தனியே பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறது.

1971-இல் வெளிவந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்த டபிள்யூசி என்ற எண்ணும் கட்டளை இன்றும் இந்த வரையறைப்படிதான் நடக்கிறது. வரிகளை எண்ணச் சொன்னால் அது எண்ணுவது நியூலைன்களை. யூனிக்ஸ் முனையங்களில் நிரல் எழுதப் பழகிய தலைமுறைக்கு இதன் விளைவு நன்றாக நினைவிருக்கும். விஐ எடிட்டரில் தட்டிச் சேமித்த கோப்பில் கணக்கு சரியாக வரும். ஏனெனில் விஐ கடைசி வரிக்கும் தானே நியூலைன் போட்டுவிடும். அதே வரிகளை விண்டோஸின் நோட்பேடில் தட்டி, கடைசி வரிக்குப் பின் என்டர் அழுத்தாமல் சேமித்து, யூனிக்ஸ் கணினிக்கு அனுப்பினால் டபிள்யூசி ஒன்று குறைத்துச் சொல்லும். திரையில் எண்ணினால் 10 வரி, கட்டளை சொல்வது 9. ஆய்வகங்களில் புதிதாக வந்தவர்கள் முதலில் கட்டளையைச் சந்தேகிப்பார்கள், பிறகு கோப்பை. அதே கோப்பை ஆக் என்ற மொழியில் எழுதிய நிரலிடம் கொடுத்தால் அது 10 என்று சொல்லிக் குழப்பத்தை இரட்டிப்பாக்கும். முடிவுறாத கடைசித் துண்டையும் ஒரு பதிவாக ஏற்றுக்கொள்வது ஆக்கின் இயல்பு.

எண்ணிக்கை தவறுவதாவது கண்ணுக்குத் தெரியும். ஷெல் நிரலில் வரி வரியாகப் படிக்கும் சுழலில் நேர்வது அதைவிட மோசம். கடைசித் துண்டில் நியூலைன் இல்லையென்றால், ரீட் கட்டளை அந்தத் துண்டை மாறியில் நிரப்பிவிட்டு, “கோப்பு முடிந்தது” என்று தோல்விக் குறியீட்டைத் திருப்பும். சுழல் அதைக் கேட்டு நின்றுவிடும். மாறியில் இருப்பதை யாரும் தொடுவதில்லை. கடைசி வாடிக்கையாளரின் பதிவு பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் விடுபட்டுப்போகும். இதற்கான கைவைத்தியம் ஷெல் எழுதுவோரிடையே பரவலானது: ரீட் தோற்றாலும் மாறியில் ஏதாவது மிச்சம் இருந்தால் சுழல் இன்னொரு முறை ஓடட்டும் என்று நிபந்தனையோடு சேர்த்து எழுதுவது.

இறுதி நியூலைன் இல்லாத கோப்பை வேறு கருவிகளும் தத்தம் வழியில் சுட்டிக்காட்டும். டிஃப் கட்டளை, கோப்பின் முடிவில் நியூலைன் இல்லை என்று ஒரு சாய்கோட்டுடன் தனிக்குறிப்பு எழுதும். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியும் அதையே செய்யும். கேட் கட்டளையால் இரண்டு கோப்புகளை இணைத்தால் முதல் கோப்பின் கடைசி வரியும் இரண்டாவதன் முதல் வரியும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாகும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் பரவலாகப் புழங்கும் பதிப்புகள், கடைசி வரியில் நியூலைன் இல்லாத கால அட்டவணையை ஏற்க மறுக்கும். சி மொழியின் தரநிலை, காலியல்லாத மூலநிரல் கோப்பு நியூலைனில் முடிய வேண்டும் என்று விதித்தது. கம்பைலர்கள் அதற்கு எச்சரிக்கை விடுத்துவந்தன. சி++ மொழியில் 2011-ஆம் ஆண்டுத் தரநிலை அந்தக் கட்டாயத்தை நீக்கியது: நியூலைன் இல்லையென்றால் இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

வரிகளில் முடிப்பு வழக்கத்தை இவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொண்ட யூனிக்ஸ், வரிக்குள் இருக்கும் புலங்களில் பிரிப்பு வழக்கத்துக்கு மாறிவிடுகிறது. பயனர் விவரங்களை வைத்திருக்கும் பாஸ்வேர்டு கோப்பில் ஒவ்வொரு வரியிலும் 7 புலங்கள், நடுவே 6 கோலன்கள். ஏழாவது புலம் பயனரின் ஷெல். அது காலியாக இருக்கலாம். அப்போது வழக்கமான ஷெல் என்று பொருள். ஆகவே கோலனில் முடியும் வரி அங்கே முறையானது, அந்தக் கோலனுக்குப் பின்னாலிருக்கும் வெறுமை ஒரு தகவல். வெறுமைக்குப் பொருள் இருப்பது ஆபத்தாகவும் முடியலாம். கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளைப் பட்டியலிடும் பாத் மாறியில் காலி உருப்படி என்றால் நடப்பு அடைவு. கவனக்குறைவாக ஒரு கோலனை இறுதியில் விட்டுவிட்டால், நிற்கும் இடத்திலெல்லாம் கட்டளைகளைத் தேடும்படி ஷெல்லுக்குச் சொன்னதாகிவிடும். யாரோ ஓர் அடைவில் போட்டுவைத்த நிரல் அப்படி ஓடிவிடக்கூடும் என்பதால் கணினி நிர்வாகிகள் இந்தக் கடைசிக் கோலனைத் தேடித் தேடி நீக்குவார்கள்.

ஆக் மொழி 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் உருவாக்கியது. அது இரண்டு வழக்கங்களையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பதிவுகளை நியூலைன் முடிக்கும். புலங்களைக் கமா பிரிக்கும். “மா,பலா,வாழை,” என்ற வரியில் கமாவைக் குறியாகக் கொடுத்தால் புலங்கள் 4. குறி எதுவும் கொடுக்காவிட்டால் இடைவெளிகள் எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒன்றாகவே கருதப்படும். முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகள் கணக்கில் வரா. காலி வரிக்கு ஆக் 0 புலம் என்கிறது. ஷெல்லோ புலங்களுக்கும் முடிப்பு வழக்கத்தையே பின்பற்றுகிறது: கமாவைப் பிரிக்கும் குறியாக வைத்து அதே வரியை வெட்டினால் 3, இறுதியில் இன்னொரு கமா சேர்ந்தால் 4, தனிக் கமாவுக்கு 1, காலிச் சரத்துக்கு 0. மேலே சொன்ன கணக்குக்கு ஒரு சிறிதும் பிசகாத நடத்தை இது.

சி மொழியின் நூலகத்தில் உள்ள ஸ்டர்டோக் மூன்றாவது போக்கு. அடுத்தடுத்து வரும் குறிகளை அது ஒன்றாக்கிவிடும். காலி உருப்படி என்று ஒன்றைத் திருப்பவே திருப்பாது. சொற்களை வெட்ட அது பொருத்தம், பட்டியல் புலங்களுக்குப் பொருந்தாது. நடுவிலுள்ள ஒரு புலம் காலியானால் அடுத்த புலங்கள் எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்ந்து, ஊர் இருக்க வேண்டிய இடத்தில் அஞ்சல் குறியீடு வந்து நிற்கும். இதைத் தீர்க்கவே பிஎஸ்டி யூனிக்ஸில் ஸ்டர்செப் வந்தது. காலிப் புலங்களை அது விடாமல் தரும். ஜாவாவின் முதல் பதிப்பில் வந்த ஸ்ட்ரிங் டோக்கனைசரும் ஸ்டர்டோக் போலவே காலிகளை விழுங்கும் வகை.

1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழி, இரண்டு வழக்கங்களிலும் சேராத ஒரு தீர்வை எடுத்தது. அதன் ஸ்ப்ளிட் என்ற வெட்டும் சார்பு நடுவிலும் முன்னாலும் உள்ள காலி உருப்படிகளை வைத்துக்கொள்ளும். இறுதியில் உள்ளவற்றை, எத்தனை இருந்தாலும், உதிர்த்துவிடும். “மா,பலா,,,” என்பது 2. உரைக் கோப்புகளை அவசரமாக அலசும் வேலைக்கு இது வசதி: வாலில் தொங்கும் குறிகளைப் பற்றி நிரலாளர் கவலைப்பட வேண்டியதில்லை. வேண்டாதவர்களுக்கு மறுவழியும் வைத்தார்கள். வரம்பு எண்ணாக −1 போன்ற எதிர்ம எண்ணைக் கொடுத்தால் எல்லாக் காலிகளும் வரும். ரூபி இதை அப்படியே எடுத்துக்கொண்டது. 2002-இல் ஜாவா 1.4-இல் வந்த ஸ்ப்ளிட்டும் இதே வழி. ஆனால் ஓரத்தில் அவை பிரிகின்றன. காலிச் சரத்துக்கு பெர்லும் ரூபியும் 0 என்கின்றன. ஜாவா 1 என்கிறது. தனிக் கமாவுக்கோ ஜாவா 0 என்கிறது. எழுத்து ஒன்று கூடினால் உருப்படி ஒன்று குறையும் விந்தை அங்கே.

2000களில் நிறுவனங்களுக்கிடையே கோப்புப் பரிமாற்ற வேலை பார்த்தவர்கள் அநேகமாக எல்லோரிடமும் இதற்கொரு கதை உண்டு. இரவில் ஒரு கணினியிலிருந்து வாடிக்கையாளர் பட்டியல் உரைக் கோப்பாக வரும். புலங்களுக்கு நடுவே செங்குத்துக் கோடு. கடைசிப் புலங்கள் இரண்டாவது தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி என்று, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லாத விவரங்கள். சோதனைக்காகத் தயாரித்த கோப்பில் எல்லாப் புலங்களும் நிரப்பப்பட்டிருக்கும். நிரல் தடையில்லாமல் ஓடும். உண்மையான கோப்பு வரும் இரவில், அந்த இரண்டும் இல்லாத முதல் வாடிக்கையாளரிடம் வந்ததும் நிரல் நின்றுவிடும். 12-ஆவது புலத்தைக் கேட்கிறது. ஸ்ப்ளிட் கொடுத்தது 10. கோப்பைத் திறந்து பார்த்தால் வரியில் குறைவே இல்லை, 11 கோடுகளும் வரிசையாக நிற்கும். அனுப்பிய தரப்பு “கோப்பு சரி” என்று சொல்லும், அது உண்மையும்கூட. இரவுப் பணியில் இருப்பவர்கள் வரியை நகலெடுத்துச் சிறு நிரலில் போட்டுப் பார்த்த பிறகுதான் கையேட்டில் அந்த ஒரு வாக்கியம் கண்ணில் படும்: இறுதியிலுள்ள காலிச் சரங்கள் விடையில் சேர்க்கப்படா. வரம்பு எண் −1 என்று சேர்த்ததும் வேலை முடிந்தது. அதன் பிறகு அந்தக் குழுவில் சேரும் புதியவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லப்படும் அறிவுரைகளில் அந்த −1 இடம்பிடித்துவிடும். கூகுளின் குவாவா நூலகம், இந்தக் குழப்பத்தை ஒரு வினாவாகவே கையேட்டில் வைத்து, மாற்றாக ஸ்ப்ளிட்டர் என்ற கருவியைத் தந்தது. அது எல்லாக் காலிகளையும் வைத்திருக்கும். வேண்டாமென்றால் நிரலாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பைதான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, சி ஷார்ப், கோ ஆகிய மொழிகள் பிரிப்பு வழக்கத்தை நேராகப் பின்பற்றுகின்றன. குறிகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் உருப்படிகளின் எண்ணிக்கை, விதிவிலக்கு இல்லை. எனவே காலிச் சரத்தைக் கமாவால் வெட்டினாலும் 1. இந்த ஒழுங்குக்கு ஒரு பலன் உண்டு: வெட்டியதை மீண்டும் கமாவால் கோத்தால் பழைய சரமே கிடைக்கும். பெர்ல் வழியில் அது கிடைக்காது, வால் உதிர்ந்துவிட்டது. ஆனால் ஒழுங்கின் விலையும் உண்டு. படிவத்தில் குறிச்சொற்கள் எதுவும் எழுதாத பயனருக்கும் “1 குறிச்சொல்” என்று காட்டும் இணையப் பக்கங்கள் இதன் விளைவு.

இந்த மொழிகளில் பைதான் மூன்று தனித்தனி வழிகளைத் தருகிறது. குறி கொடுத்து வெட்டினால் பிரிப்பு வழக்கம். குறி கொடுக்காமல் வெட்டினால் இடைவெளிகளை விழுங்கிச் சொற்களை மட்டும் தரும். காலிச் சரத்துக்கு 0. வரிகளுக்கென்று ஸ்ப்ளிட்லைன்ஸ் தனியே இருக்கிறது. அது முடிப்பு வழக்கம். இரண்டு வரிக் கோப்பை நியூலைனால் வெட்டினால் 3 வரும், ஸ்ப்ளிட்லைன்ஸ் 2 தரும். இறுதி நியூலைன் இல்லாவிட்டாலும் அது 2 என்றே சொல்லும். ஆனால் ஸ்ப்ளிட்லைன்ஸ் நியூலைனோடு நிற்பதில்லை. பக்கம் மாற்றும் குறி, யூனிகோடின் வரிப் பிரிப்பு எழுத்து போன்றவற்றையும் வரி எல்லையாகக் கொள்ளும். டபிள்யூசியின் கணக்கோடு அது ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பின்னால் வந்த மொழிகள் இரண்டு வழக்கங்களுக்கும் தனிப்பெயர் கொடுத்துச் சிக்கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ரஸ்டில் ஸ்ப்ளிட் என்றால் பிரிப்பு, ஸ்ப்ளிட் டெர்மினேட்டர் என்றால் முடிப்பு, இறுதியில் ஒரேயொரு காலியை மட்டும் உதிர்க்கும், வரிகளுக்கு லைன்ஸ். படிப்பவருக்குப் பெயரிலேயே நிரலாளரின் எண்ணம் தெரிந்துவிடும். ஹாஸ்கெலில் லைன்ஸ் என்ற சார்பு இறுதி நியூலைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே விடை தரும். அதன் எதிரான அன்லைன்ஸ் ஒவ்வொரு வரிக்கும் நியூலைன் சேர்க்கும். ஆகவே முடிவுறாத கோப்பு இரண்டின் வழியாகவும் போய் வந்தால் ஒரு குறி கூடியிருக்கும்.

தரவில் வரும் இதே கேள்வி மூலநிரலின் இலக்கணத்திலும் வருகிறது. பாஸ்கல் மொழியில் செமிகோலன் கூற்றுகளைப் பிரிக்கும். சியிலும் அடாவிலும் முடிக்கும். பாஸ்கலில் கடைசிக் கூற்றுக்குப் பின் செமிகோலன் இட்டால் அதன் பின்னால் வெற்றுக் கூற்று ஒன்று இருப்பதாக இலக்கணம் கொள்ளும். ஆனால் எல்ஸ் என்பதற்கு முன் இட்டால் பிழை. மாணவர்கள் இதில் தடுமாறாத பாஸ்கல் வகுப்பு இருந்ததில்லை. கேனனும் ஹார்னிங்கும் 1975-இல் வெளியிட்ட ஆய்வு, செமிகோலனைப் பிரிப்பாக வைத்த மொழியில் பிழைகள் மிகுதி என்று காட்டியது.

பட்டியல்களில் கடைசிக் கமாவின் கதை நீண்டது. ஜாவாஸ்கிரிப்டில் சதுர அடைப்புக்குள் 1, 2 என்று எழுதி இறுதியில் கமாவும் விட்டால் நீளம் 2 என்பது விதி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-ஆம் பதிப்பு வரை 3 என்று எண்ணியது. ஃபயர்பாக்ஸில் எழுதிச் சோதித்துப் பழகிய அக்கால வலைநிரலாளர்கள், அலுவலகங்களில் இருந்த பழைய உலாவியில் பட்டியலின் அடியில் முளைக்கும் ஒரு வெற்று வரியைக் கண்டு கடைசிக் கமாக்களைத் தேடிக் களைந்த நாட்கள் அவை. 2009-இல் வந்த ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் 5 என்ற அம்மொழியின் தரநிலை, பொருள் வரையறைகளிலும் கடைசிக் கமாவை அனுமதித்தது. ஜேசன் வடிவம் இன்றுவரை எங்கும் அனுமதிப்பதில்லை. கோ மொழி மறுகோடியில் நிற்கிறது: பல வரிகளில் எழுதும் பட்டியலின் மூடும் அடைப்பு தனி வரியில் வந்தால், கடைசி உருப்படிக்கும் கமா கட்டாயம். புதிய உருப்படி சேர்க்கும்போது முந்தைய வரியைத் தொட வேண்டாம். மாற்றப் பதிவில் சேர்த்த வரி மட்டும் தெரியும்.

சிஎஸ்வி கோப்புகளுக்கு 2005-இல் எழுதப்பட்ட ஆர்எஃப்சி 4180 இரண்டு வழக்கங்களையும் ஒரே பக்கத்தில் வைக்கிறது. பதிவுகளை வரிமுறிவு பிரிக்கும்; கடைசிப் பதிவுக்குப் பின் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். புலங்களைக் கமா பிரிக்கும். கடைசிப் புலத்துக்குப் பின் கமா கூடாது. ஆகவே இந்த விதிப்படி கமாவில் முடியும் வரி என்றால் கடைசிப் புலம் காலி என்றே பொருள். மேற்கோள் குறிக்குள் கமாவும் வரிமுறிவும் வரலாம் என்பதால் சிஎஸ்வியை வெறும் ஸ்ப்ளிட்டால் எண்ணுவது எந்த மொழியிலும் சரிவராது. தரவுத்தளங்களில் கமாக்களை நீக்கும் முன்னும் பின்னும் உள்ள நீளங்களின் வேறுபாட்டோடு ஒன்றைக் கூட்டி எண்ணும் பழக்கம் உண்டு; காலிச் சரத்துக்கு அது 1 சொல்லும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.1 முதல் சரத்தை அணியாக வெட்டும் சார்பு காலிச் சரத்துக்குக் காலி அணியைத் தருகிறது. கடைசிக் கமாவுக்குப் பின்னால் உள்ள காலியையோ உருப்படியாக வைத்துக்கொள்கிறது.

எந்த மொழியின் எந்தச் சார்பைக் கையாளும்போதும் ஐந்து சரங்களைக் கொடுத்துப் பார்த்தால் அதன் போக்கு முழுவதும் தெரிந்துவிடும்: காலிச் சரம், தனிக் கமா, “மா”, “மா,”, “மா,,”. பிரிப்பு வழக்கம் 1, 2, 1, 2, 3 என்று விடை தரும். முடிவுறாத கடைசித் துண்டையும் எண்ணும் முடிப்பு வழக்கம் 0, 1, 1, 1, 2 என்று தரும். பெர்ல் 0, 0, 1, 1, 1. ஜாவாவின் ஸ்ப்ளிட் 1, 0, 1, 1, 1. விடை வரிசை தெரிந்தபின் செய்ய வேண்டியது ஒன்றே: கோப்பை எழுதும் தரப்பு எந்த வழக்கத்தில் எழுதுகிறது என்பதை வடிவ ஆவணத்தில் ஒரு வாக்கியமாக எழுதிவைத்து, படிக்கும் தரப்பில் அதற்கேற்ற சார்பைத் தேர்ந்துகொள்வது. காலிக் கோப்புக்கும் காலிப் பட்டியலுக்கும் என்ன பொருள் என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்துவிட்டால், எண்ணிக்கையில் ஒன்று கூடவோ குறையவோ காரணம் இருக்காது.